கடையின் வயர்லெஸ் போன்களுக்கு மாற்று இணைப்பு என்றால் என்ன? எப்படிப் போடுவது?

இந்தப் போன்கள் இணையத்தால்தான் பேசுகின்றன. பைபர் லைன் அறுந்தால் அவை தாமாகவே மாறிக்கொள்ளும் இரண்டாவது இணைய வழிதான் மாற்று இணைப்பு. ஆனையிறவால் வர முடியாதபோது சங்குப்பிட்டிப் பாலத்தால் யாழ்ப்பாணம் வந்து சேர்வதைப் போல. கையில் எடுத்துப் பேசும் போனில் வயர் இல்லாவிட்டாலும், அதை இணையத்தோடு இணைக்கும் பேஸ் பெட்டி அந்த ஒரே பைபர் லைனைத்தான் நம்பியிருக்கிறது.

பைபரையும் 4ஜி சிம்மையும் சேர்த்து ஏற்கும் ரவுட்டர் வாங்குங்கள். சிம் வேறு கம்பனியுடையதாக இருக்கட்டும். ஒரே கம்பனியென்றால் கோபுரத்துக்குப் போகும் கேபிளும் கூடவே அறுந்திருக்கலாம். ஓர் அழைப்புக்குச் செக்கனுக்குப் போக 100, வர 100 கிலோபிட் போதும். வேகத்தைவிடத் தடுமாறாத சிக்னல்தான் முக்கியம்.

பலர் சறுக்குவது இங்கேதான்: ரவுட்டர் சிம்முக்கு மாறிவிடும், ஆனால் உள்வரும் அழைப்பு வராது. அழைப்புகளை அனுப்பிவைக்கும் சேர்வர் கணினியில் உங்கள் போன் பழைய இணைய முகவரியிலேயே பதிவாகி இருப்பதுதான் காரணம். போன் மீண்டும் பதிவு செய்யும் இடைவெளி, அதாவது மறுபதிவு நேரம், பல போன்களில் 3600 செக்கன். அதை 120 ஆக்குங்கள். இணையம் உயிரோடு இருக்கிறதா என்று ரவுட்டர் பார்க்கும் பிங் சோதனையை வெளி இணையத்திலுள்ள முகவரிக்கு வையுங்கள். பைபர் பெட்டியில் பச்சை விளக்கு எரியும்போதே இணையம் செத்துக் கிடக்கலாம்.

பைபர் பெட்டி, ரவுட்டர், பேஸ் மூன்றையும் யூபிஎஸ்ஸில் கொழுவுங்கள்.

மாற்று இணைப்பு இருந்தால் பேசிக்கொண்டிருக்கும் அழைப்பு அறாது என்று பலர் நினைக்கிறார்கள். சாதாரண ரவுட்டரில் அது அறும், அடுத்த அழைப்புத்தான் புதிய வழியால் போகும்.