பிரான்சில் ஆற்றங்கரைக் கிராமம் ஒன்றில் குடும்பத்துடன் விடுமுறை: இங்கிலாந்திலிருந்து சொந்தக் காரிலேயே போகலாமா? எந்த ஊரில் தங்கலாம்?

தாராளமாகப் போகலாம். நாங்கள் ரெடிங்கிலிருந்து இரண்டு பிள்ளைகளையும் பின்சீட்டில் ஏற்றிக்கொண்டு, தென்மேற்குப் பிரான்சில் தோர்தோன் ஆற்றங்கரையில் உள்ள லா ரோக் கஜாக் என்ற கிராமத்துப் பக்கம் போய் வந்தோம்.

சாலையின் வலப்பக்கம் ஓட்ட வேண்டுமே என்றுதான் எல்லோரும் அஞ்சுகிறார்கள். அது பிரெஞ்சுத் துறைமுகமான கலேயைத் தாண்டிய சிறிது நேரத்திலேயே பழகிவிடும். உண்மையில் கவனம் வேண்டியது கிராமத்துச் சந்திப்புகளில். பலகையும் கோடும் இல்லாத இடத்தில் வலப்புறச் சந்திலிருந்து வரும் வண்டிக்கே முதல் உரிமை. நீங்கள் அகலமான தெருவில் போய்க்கொண்டிருக்கலாம். அவர் ஒரு குறுகலான சந்திலிருந்து டிராக்டரில் வரலாம். நிற்க வேண்டியவர் நீங்கள்தான். மஞ்சள் நிற வைர வடிவப் பலகை தெரிந்தால் உங்கள் சாலைக்கு முன்னுரிமை. அதே பலகையின் குறுக்கே கறுப்புக் கோடு இருந்தால் அந்த முன்னுரிமை அங்கே முடிகிறது. இதைப் புறப்படுவதற்கு முன்பே மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

சுங்கச்சாவடி இயந்திரம் இடப்பக்கம் இருக்கும். நம் ஸ்டியரிங்கோ வலப்பக்கம். ஆகவே டிக்கெட் எடுப்பதும் கார்டு நீட்டுவதும் பக்கத்துச் சீட்டுக்காரர் வேலை. என் மனைவி கலேயைத் தாண்டியதுமே நிதியமைச்சர் ஆகிவிட்டார். ‘t’ என்ற ஆங்கில எழுத்து மட்டும் உள்ள வரிசைக்குள் நுழையாதீர்கள், அது மின்னணுக் கருவி பொருத்திய வண்டிகளுக்கு. பாரிஸுக்கும் நார்மண்டிக்கும் இடையிலுள்ள ஏ13 நெடுஞ்சாலையில் இப்போது சாவடியே இல்லை. கேமரா எண்ணைப் படம் பிடித்துக்கொள்கிறது, 72 மணி நேரத்துக்குள் இணையத்தில் நீங்களாகவே பணம் கட்ட வேண்டும். ஆறுதலாக, தெற்கே போகும் ஏ20 நெடுஞ்சாலையில் வியெர்சோன் நகர் முதல் பிரீவ் நகர் வரை சுங்கமே கிடையாது. நெடுஞ்சாலை வேக வரம்பு மணிக்கு 130 கிலோமீட்டர், மழை பெய்தால் 110. பத்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் பின்சீட்டில்தான் உட்கார வேண்டும். ஒளிரும் மேலுடுப்பு, எச்சரிக்கை முக்கோணம், முகப்பு விளக்குக்கான ஒட்டுவில்லை, ‘யூகே’ ஸ்டிக்கர் எல்லாம் வண்டியில் இருக்கட்டும்.

இந்தியப் பாஸ்போர்ட் என்றால் ஷெங்கன் விசாவுக்குப் பல வாரங்கள் முன்பே நேரம் பதிவு செய்யுங்கள். இங்கிலாந்துக் கரையிலுள்ள ஃபோக்ஸ்டனிலேயே பிரெஞ்சு அதிகாரிகள் பாஸ்போர்ட்டைப் பார்த்துவிடுவார்கள். அங்கே காரோடு கடலடிச் சுரங்க ரயிலில் ஏறினால் 35 நிமிடத்தில் கலே.

இனி ஊர். லா ரோக் கஜாக்கில் தெற்கு பார்த்த செங்குத்துப் பாறை, அதன் மடியில் தேன்நிறக் கல்வீடுகள், கீழே ஒற்றைச் சாலை, அதை ஒட்டி ஆறு. பாறை வெயிலைப் பிடித்து வைத்துக்கொள்வதால் வாழையும் பனை வகைகளும் தெருவோரம் வளர்கின்றன. பிரான்சின் நடுவில் வாழை இலையைப் பார்த்ததும் எனக்குச் சோறு பரிமாறத் தோன்றியது. அதே பாறை 1957இல் சரிந்து வீடுகளை நொறுக்கி உயிர்களையும் பறித்திருக்கிறது.

ஆனால் தங்குவதற்கு நான் அந்த ஊரைச் சொல்ல மாட்டேன். பகல் முழுவதும் சுற்றுலாப் பேருந்துகள், வண்டி நிறுத்த அலைச்சல், வாசலைத் தாண்டினால் சாலை. சிறு பிள்ளைகளுக்கு அது சரிப்படாது. பக்கத்திலேயே வித்ராக் பகுதியில் சமையலறையுடன் வீடு எடுங்கள். அங்கே ஆற்றில் இறங்கிக் குளிக்கக் கூழாங்கல் கரையும் உண்டு. லா ரோக் கஜாக்குக்குக் காலை ஒன்பதுக்குள் போய்விடுங்கள்.

அங்கே கபார் எனப்படும் தட்டையடிப் படகில் ஏறலாம். ஒரு காலத்தில் மேல்பகுதிக் காடுகளிலிருந்து ஒயின் பீப்பாய்க்கான ஓக் மரத்தை ஏற்றி வந்த படகுகளின் வழிவந்தது அது. நீரோட்டத்தை எதிர்த்துத் திரும்ப முடியாததால், மலைப்பக்கத்துப் படகுகளைச் சரக்கு இறக்கிய இடத்திலேயே உடைத்து விற்றுவிடுவார்களாம். நீந்தத் தெரிந்த பிள்ளைகள் என்றால் வித்ராக்கிலிருந்து கனூ என்ற துடுப்புப் படகு எடுத்து பேனாக் கிராமம் வரை மிதந்து போங்கள். அங்கிருந்து வேனில் திரும்ப அழைத்து வருவார்கள். வழியில் ஒரு கரையில் பேனாக் கோட்டை, எதிர்ப்பக்கம் காஸ்தெல்னோ கோட்டை. இங்கிலாந்தும் பிரான்சும் மோதிய நூறாண்டுப் போரில் இவை இரண்டும் எதிரெதிர் அணியில் முறைத்துக்கொண்டு நின்றவை. காஸ்தெல்னோவில் கல்லெறியும் பொறிகள் இருக்கின்றன; என் மகன் அங்கிருந்து கிளம்ப மறுத்தான்.

கற்கால மனிதர்கள் வரைந்த லாஸ்கோ குகை ஓவியங்களுக்கு ஒரு நாள் ஒதுக்குங்கள். 1940இல் சிறுவர்கள் கண்டுபிடித்த அசல் குகை, பார்வையாளர்களின் மூச்சுக்காற்றால் கெடத் தொடங்கியதால் 1963இல் மூடப்பட்டது. குகையை அடுத்த மொந்தின்யாக் ஊரில் 2016இல் திறந்தது அதன் முழு நகல். நகல்தானே என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

சைவக்காரர்களுக்கு ஓர் எச்சரிக்கை: இது வாத்துக்கறி நாடு. பக்கத்துச் சார்லா ஊரின் பெயரைத் தாங்கிய உருளைக்கிழங்கு வறுவலும்கூட வாத்துக் கொழுப்பில் பொரித்ததுதான். என் மனைவி கேட்டுத் தெரிந்துகொண்டு தப்பித்தார். மதிய உணவு இரண்டு மணிக்குமேல் கிடைப்பது அரிது. அரிசி, பருப்பு, குக்கர் காரில் இருந்தால் நிம்மதி. காய், வால்நட், ஆட்டுப்பால் சீஸ் எல்லாம் புதன், சனி கூடும் சார்லா சந்தையில் வாங்கலாம்.

ஜூன் அல்லது செப்டம்பர் நல்லது. பள்ளி விடுமுறையால் ஆகஸ்டுதான் முடியும் என்றால், வீடுகளைப் பெரும்பாலும் சனி முதல் சனி வரைதான் வாடகைக்குத் தருவார்கள். அந்தச் சனிக்கிழமைகளில் நெடுஞ்சாலைகள் நகராது. வெள்ளிக்கிழமையே புறப்பட்டு, வழியிலுள்ள சார்த்ர் நகரில் இரவு தங்கி, சனிக்கிழமை விடியும் முன் கிளம்பிவிடுங்கள்.