வெள்ளாத்துத் தண்ணி எப்போ கலர் கட்டும், குட்டைக்கு எப்போ எடுக்கலாம்?

பரங்கிப்பேட்டை பக்கம் வெள்ளாத்து முகத்துவாரத் தண்ணில இறால் குட்டை ஓட்டுறவர் கேட்டிருக்கார்: "மழை வெள்ளத்துல சத்து நிறைய இருக்கும்னு மார்கழியிலயே தண்ணி நிரப்புனேன், கலரே கட்டல. ஆனா சித்திரையில ஆறு தானா பழுப்பாவுது, எப்படி?"

சத்து இருந்துச்சுங்க, அதுல சந்தேகமில்ல. ஐப்பசி கார்த்திகை வெள்ளம் வயக்காட்டு உரத்தையெல்லாம் அடிச்சிட்டு வரும், நைட்ரேட்டும் சிலிகேட்டும் அப்பதான் உச்சம். ஆனா தண்ணிக்குக் கலர் குடுக்குறது அதுல மிதக்குற நுண்ணிய பாசிதான், அதுக்கு வெளிச்சம் வேணுமே, சேத்துத் தண்ணிக்குள்ள வெயில் இறங்காது, அதுபோக பாசி செல் ஒண்ணு ரெண்டாப் பிரிய சுமாரா ஒரு நாள் ஆவுதுன்னா அதுக்குள்ள வெள்ளம் அத கடலுக்குத் தள்ளிடுது, உப்பும் அடியோட இறங்கிடுறதால கடல்ல இருந்து வந்த டயாட்டம்ங்கிற பழுப்பு நுண்பாசி தாங்காது. அதனால உங்க குட்டைக்கு வந்தது சேறும் உரமும்தான், விதைப்பாசி ரொம்பக் கம்மி.

கோடையில கதை தலைகீழ். ஆத்து வரத்து நின்னு கடல் தண்ணி உள்ள ஏறி இறங்கிட்டிருக்கும், தெளிவா இருக்கும், சராசரி ஆழமே ரெண்டரை மீட்டர்தான்ங்கிறதால வெளிச்சம் நல்லா இறங்கும். தண்ணில சத்து குறைஞ்சாலும் மழையில படிஞ்ச சேத்துல இருந்து கொஞ்சம் கொஞ்சமா கசிஞ்சு மேல வரும், ஓதம் அதக் கலக்கி விடும். ஆழமான கடல்ல இந்த வசதி கிடையாது. ஸ்கெலிடோனீமா, கீட்டோசீரஸ், காஸினோடிஸ்கஸ் மாதிரி டயாட்டம்தான் அந்தப் பழுப்பு.

என் கணக்குல தை கடைசி, மாசிதான் உங்களுக்கு நல்ல நேரம். தண்ணி ஏறி முடியுற சமயத்துல உப்பு லிட்டருக்கு 15 கிராமுக்கு மேல இருக்கான்னு பாத்து, ஃபில்டர் பை கட்டி எடுங்க. நிறம் சேறா பாசியான்னு சந்தேகம் வந்தா சாயங்காலமும் விடிகாலையும் ஆக்சிஜன் பாருங்க, பாசின்னா ரெண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருக்கும், சேறுன்னா பெருசா மாறாது. கிருமி சாவ ப்ளீச்சிங் பவுடர் போட்டா நல்ல பாசியும் போயிடும், மருந்து வீரியம் போனப்புறம் பாசி திரும்ப வளர தவிடு, வெல்லம், ஈஸ்ட் ஊறவச்ச ஜூஸ் விடலாம். அவசரப்பட்டு பக்கத்துக் குட்டைத் தண்ணிய விதைக்குன்னு ஊத்தாதீங்க, நோயும் கூடவே வரும். கலர் அளக்க தண்ணிக்குள்ள இறக்குற வெள்ளைத் தட்டு 30-40 சென்டிமீட்டர்ல மறைஞ்சா போதும், 25-க்குக் கீழ போயிடுச்சுன்னா பாசி ரொம்ப அடர்ந்துடுச்சு, ராத்திரி ஆக்சிஜன் இறங்கி மேகமூட்டமான நாள்ல விடியக்காலை இறால் மேல வந்து திணறும், ராத்திரி பூரா தண்ணில காத்து கலக்குற ஏரேட்டர் ஓடணும்.

கோடையில முகத்துவாரத்துல மரத்தூள் தூவுன மாதிரி மஞ்சப் பழுப்பா படலம் மிதந்தா அது டிரைக்கோடெஸ்மியம்ங்கிற நீலப்பச்சைப் பாசியா இருக்கும், அது விலகுற வரைக்கும் மோட்டாரப் போடாதீங்க.