விரிவுரை வீடியோக்களின் தானியங்கி கேப்ஷன்: திருத்துபவர்களுக்கான கேள்வி பதில்

கேள்வி: மென்பொருள் எழுதித் தந்த கேப்ஷனை, அதாவது பேச்சைத் திரையில் காட்டும் வரிகளை, ஒருமுறை படித்துத் திருத்தினால் போதாதா மேடம்? முழு வகுப்பையும் கேட்டே ஆக வேண்டுமா?

பதில்: கேட்டே ஆக வேண்டும். இன்றைய மென்பொருள்கள் தப்பையும் இலக்கண சுத்தமாக எழுதுவதால் படிக்கும்போது கண்ணுக்குச் சிக்காது. மருத்துவ வகுப்பில் ரத்தச் சர்க்கரை குறைவதைப் பற்றி ஆசிரியர் 'ஹைப்போகிளைசீமியா' என்று சொல்லியிருப்பார், திரையில் 'ஹைப்பர்கிளைசீமியா' என்று வந்திருக்கும், வாக்கியத்தில் ஒரு குறையும் தெரியாது, ஆனால் பொருள் தலைகீழ். ஆங்கில வகுப்பில் 'கேன்', 'கான்ட்' குழப்பமும் 'பிஃப்டீன்', 'பிஃப்டி' குழப்பமும் இதே ரகம்தான். எண், அலகு, எதிர்மறைச் சொல், ஆள் பெயர் வருகிற இடத்தில் நிறுத்தி இன்னொரு தடவை கேளுங்கள். மற்ற இடங்களில் வேகத்தைக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளலாம்.

கேள்வி: 90 சதவீதம் சரியாக இருந்தால் அப்படியே விடலாமா?

பதில்: கூடாது. நிமிடத்துக்கு 150 சொல் பேசுபவர் என்றால் நிமிடத்துக்கு 15 தப்பு. காது கேளாத மாணவருக்கு அந்த வரிகள்தான் வகுப்பே. மாற்றுத்திறனாளிகளும் இணையத்தைப் பயன்படுத்த வகைசெய்யும் விதிகளான டபிள்யூசிஏஜி, பதிவு செய்த வீடியோவுக்குக் கேப்ஷனை 'ஏ' என்ற அடிப்படை நிலையிலேயே கேட்கிறது.

கேள்வி: துறைச்சொற்கள் தப்பாகவே வருகின்றன.

பதில்: ஸ்லைடுகளை முதலிலேயே ஆசிரியரிடம் வாங்கி ஒரு சொற்பட்டியல் போட்டுக்கொள்ளுங்கள். சில மென்பொருள்களில் அதை முன்கூட்டியே ஏற்றவும் முடியும். ஆனால் நிகழ்தகவில் வரும் 'பேய்ஸ்' தேற்றம் 'பேஸ்' என்று விழுந்திருக்கிறதே என்று மொத்தமாக மாற்றிவிடாதீர்கள், நிஜமாகவே அடித்தளத்தைச் சொன்ன 'பேஸ்'களும் சேர்ந்து மாறிவிடும். ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்றுங்கள்.

கேள்வி: 'ம்ம்', 'ஆ' எல்லாம்?

பதில்: தாராளமாக எடுத்துவிடுங்கள். வாக்கியத்தை அழகுபடுத்த மட்டும் வேண்டாம், அது ஆசிரியரின் பேச்சு.

கேள்வி: "இதை அங்கே கொண்டு போனால்" என்று பலகையைக் காட்டிப் பேசுகிறார். மாணவர்களின் கேள்விகளோ காதிலேயே விழவில்லை.

பதில்: கேப்ஷனில் அப்படியே விடலாம், படம் கூடவே ஓடுகிறது. தனி ஆவணமாகக் கொடுக்கும் எழுத்து வடிவத்தில் [சமன்பாட்டின் வலப்பக்க உறுப்பைச் சுட்டுகிறார்] என்று சேர்க்காவிட்டால் படிப்பவருக்கு ஒன்றும் புரியாது. கேட்காத கேள்வியை ஊகித்து எழுதாதீர்கள். [மாணவர் கேள்வி தெளிவாக இல்லை] என்பதுதான் நேர்மை. அடுத்த வகுப்பிலிருந்து கேள்வியை மைக்கில் திருப்பிச் சொல்லிவிட்டுப் பதில் தரும்படி ஆசிரியரிடம் கேளுங்கள். அப்புறம், அவர் பேசாமல் எழுதிக்கொண்டிருக்கும் இடங்களையும் பாருங்கள், யாரும் சொல்லாத வாக்கியத்தைச் சில மென்பொருள்கள் அங்கே தாங்களே போட்டுவிடும்.

கேள்வி: எஸ்ஆர்டி, விடிடி இரண்டும் கேப்ஷன் கோப்பு வகைகள்தானே என்று எஸ்ஆர்டி கோப்பின் பெயரை விடிடி என்று மாற்றினேன், கேப்ஷன் வரவில்லை.

பதில்: பெயர் மாறினால் போதாது. முதல் வரியில் வெப்விடிடி என்ற சொல் ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் இருக்க வேண்டும், அதற்கடுத்து ஒரு வெற்று வரி. நேரக் குறிப்பில் 00:04:12,500 என்று காற்புள்ளியோடு இருப்பதை 00:04:12.500 என்று புள்ளியாக்குங்கள். யுடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியீட்டு முறையில் சேமியுங்கள், இல்லாவிட்டால் தமிழ் எழுத்து கட்டம் கட்டமாகத் தெரியும்.