கிட் புஷ் நிற்கும் இடங்கள்: சென்னை வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

கிட் என்பது நிரல் கோப்புகளில் செய்யும் மாற்றங்களைப் பதிவு செய்துவைக்கும் மென்பொருள். உங்கள் கணினியில் உள்ள பதிவுகளை, குழுவுக்குப் பொதுவான ரிமோட் என்ற பிரதிக்கு அனுப்புவதே புஷ். புஷ் செய்யும்போது இரண்டு வேலைகள் நடக்கின்றன. ரிமோட்டில் இல்லாத கமிட்டுகளும் (மாற்றங்களின் பதிவுகள்) கோப்புகளும் ஒரே கட்டாக அங்கே போகின்றன. கட்டு முழுதாகச் சேர்ந்த பிறகு, பிராஞ்சின் (ஒரு கமிட் வரிசை) பெயர் எந்தக் கமிட்டைக் காட்ட வேண்டும் என்பது மாற்றப்படுகிறது. பிழை வந்தால், இந்த இரண்டில் எது நின்றது என்று முதலில் பாருங்கள்.

தரமணியில் மூன்று பேர் ஒரே மெயின் பிராஞ்சில் வேலை செய்கிறோம். மாலையில் புஷ் செய்தால் 'ரிஜெக்டட், நான்-ஃபாஸ்ட்-ஃபார்வர்ட்' என்று வருகிறது. பக்கத்து சீட்டுக்காரர் 'ஃபோர்ஸ் போடு, ஏறிடும்' என்கிறார். போடலாமா?

போடாதீர்கள். நீங்கள் கடைசியாகப் புல் செய்த (ரிமோட்டின் மாற்றங்களை இறக்கிச் சேர்த்த) பிறகு வேறொருவர் கமிட் ஏற்றியிருக்கிறார். ரிமோட்டின் மெயின் அவருடைய கமிட்டைக் காட்டுகிறது. உங்கள் வரிசையில் அந்தக் கமிட் இல்லை. ஃபோர்ஸ் (மறுப்பை மீறி ஏற்றுவது) போட்டால் பெயர் உங்கள் கமிட்டுக்கு மாறிவிடும், அவருடைய வேலை மெயினிலிருந்து கழன்று விழும். அவருக்கு எந்த அறிவிப்பும் போகாது.

முதலில் 'கிட் ஃபெட்ச்': ரிமோட்டின் கமிட்டுகளை இறக்கும், உங்கள் பிராஞ்சைத் தொடாது. பிறகு 'கிட் லாக் மெயின்..ஆரிஜின்/மெயின்' (ஆரிஜின் என்பது ரிமோட்டின் வழக்கமான பெயர்) கொடுத்தால், உங்களிடம் இல்லாத கமிட்டுகள் மட்டும் தெரியும். யார், எதை மாற்றினார் என்று படித்துவிட்டு 'கிட் புல் --ரீபேஸ்' கொடுங்கள். அவருடைய கமிட்டுகளின் மேல் உங்களுடையவை ஒவ்வொன்றாக மறுபடி அடுக்கப்படும். மோதல் (இருவரும் ஒரே இடத்தை மாற்றியிருப்பது) வந்தால் அந்தக் கோப்பைத் திருத்தி, 'கிட் ஆட்', அடுத்து 'கிட் ரீபேஸ் --கன்டின்யூ'. குழப்பமாக இருந்தால் 'கிட் ரீபேஸ் --அபார்ட்' உங்களைப் பழைய நிலைக்கே கொண்டுவந்துவிடும், பயப்பட வேண்டாம்.

ரீபேஸில் பலரும் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. மோதலின்போது 'அவர்ஸ்' என்றால் ரிமோட்டிலிருந்து வந்தது, 'தேர்ஸ்' என்றால் நீங்கள் எழுதியது. மெர்ஜில் (இரண்டு வரிசைகளை ஒன்றாக இணைப்பதில்) இருப்பதற்கு நேர் தலைகீழ். 'அவர்ஸ்' நம்முடையது என்று நினைத்துத் தேர்ந்தெடுத்தால், உங்கள் மாற்றத்தையே நீங்கள் தூக்கி எறிந்துவிடுவீர்கள்.

நீங்கள் மட்டும் வேலை செய்யும் தனி பிராஞ்சை ரீபேஸ் செய்த பிறகு ஃபோர்ஸ் தேவைப்படும். அங்கேயும் '--ஃபோர்ஸ்-வித்-லீஸ்' போடுங்கள். நீங்கள் கடைசியாகப் பார்த்த நிலையிலேயே ரிமோட் இருந்தால்தான் அது ஏற்றும். ஆனால் பல எடிட்டர்கள் பின்னணியில் தானாகவே ஃபெட்ச் செய்கின்றன. அப்போது நீங்கள் பார்க்காத கமிட்டையும் 'பார்த்தாயிற்று' என்று கிட் எடுத்துக்கொள்ளும், அந்தப் பாதுகாப்பு பயனற்றுப் போகும். இதற்காகவே 2.30 பதிப்பில் '--ஃபோர்ஸ்-இஃப்-இன்க்ளூட்ஸ்' வந்தது. இரண்டையும் சேர்த்தே கொடுங்கள்.

ஏற்கெனவே யாராவது ஃபோர்ஸ் போட்டுவிட்டார்களா? விழுந்த கமிட்டை எழுதியவரின் கணினியில் அது அப்படியே இருக்கும். அவர் புல் எதுவும் செய்யாமல், 'கிட் பிராஞ்ச் காப்பு' என்று முதலில் ஒரு பெயர் வைத்துவிடட்டும். கை தவறி அவருடைய மெயினும் நகர்ந்திருந்தால் 'கிட் ரெஃப்லாக்' (முன்பு இருந்த கமிட்டுகளின் பதிவேடு) பாருங்கள். எந்தப் பிராஞ்சிலிருந்தும் எட்டாத கமிட்டுகளின் பதிவு, அமைப்பை மாற்றாதவரை, 30 நாள் இருக்கும்.

கல்லூரி புராஜெக்ட். முதல் புஷ்ஷிலேயே 'எஸ்ஆர்சி ரெஃப்ஸ்பெக் மெயின் டஸ் நாட் மேட்ச் எனி' என்கிறது. (குரோம்பேட்டை)

மெயின் என்ற பிராஞ்ச் உங்கள் கணினியில் இல்லை. ஒன்று, இன்னும் ஒரு கமிட்கூடச் செய்திருக்க மாட்டீர்கள். அல்லது உங்கள் பிராஞ்சின் பெயர் மாஸ்டராக இருக்கும். 'கிட் பிராஞ்ச் --ஷோ-கரன்ட்' பெயரைச் சொல்லும். மாஸ்டர் என்று வந்தால் 'கிட் பிராஞ்ச் -எம் மெயின்' (எம் பெரிய எழுத்தில்), பிறகு 'கிட் புஷ் -யூ ஆரிஜின் மெயின்'. அந்த '-யூ' ஒருமுறை போட்டால் போதும், அடுத்த முறையிலிருந்து வெறும் 'கிட் புஷ்'.

பாஸ்வேர்டு சரியாகத்தான் கொடுக்கிறேன், கிட்ஹப் ஏற்க மறுக்கிறது. (அம்பத்தூர்)

2021 ஆகஸ்ட் 13 முதல் கிட்ஹப் (ரிமோட்டை இணையத்தில் வைத்துக்கொள்ளும் சேவை) கணக்கின் பாஸ்வேர்டைக் கொண்டு புஷ் செய்ய முடியாது. அதற்குப் பதிலாக கிட்ஹப்பில் டோக்கன் (பாஸ்வேர்டு போலப் பயன்படும் நீண்ட குறியீடு) உருவாக்கி, பாஸ்வேர்டு கேட்கும் இடத்தில் ஒட்டுங்கள். ஃபைன்-கிரெயின்ட் (அனுமதிகளைத் தனித்தனியாகக் குறிக்கும்) டோக்கன் என்றால் அந்த ரெப்போவை (கோப்புகளும் வரலாறும் சேர்ந்த தொகுப்பு) தேர்ந்தெடுத்து, 'கன்டென்ட்ஸ்' என்ற அனுமதியைப் படிக்கவும் எழுதவும் என்று வையுங்கள். படிக்க மட்டும் கொடுத்தால் குளோன் (ரெப்போவை முழுதாகப் பிரதி எடுப்பது) நடக்கும், புஷ் நடக்காது. விண்டோஸில் பழைய பாஸ்வேர்டு கிரெடென்ஷியல் மேனேஜரில் தங்கியிருக்கலாம். டோக்கன் கேட்கப்படாவிட்டால் அதை நீக்குங்கள்.

நீண்ட நாள் பயன்பாட்டுக்கு எஸ்எஸ்ஹெச் சாவியே (பாஸ்வேர்டு இல்லாமல் பாதுகாப்பாக இணைய உங்கள் கணினியில் வைக்கும் கோப்பு) வசதி. அலுவலக நெட்வொர்க் எஸ்எஸ்ஹெச் செல்லும் வழியான 22-ஆம் போர்ட்டை அடைத்திருந்தால், எஸ்எஸ்ஹெச் கான்ஃபிக் கோப்பில் கிட்ஹப்புக்கான ஹோஸ்ட்நேமை 'எஸ்எஸ்ஹெச்.கிட்ஹப்.காம்' என்றும் போர்ட்டை 443 என்றும் மாற்றுங்கள்.

130 எம்பி வீடியோவைத் தெரியாமல் கமிட் செய்தேன். அழித்துவிட்டு மறுபடி கமிட் செய்தும் புஷ் ஆகவில்லை. (பெரம்பூர்)

அழித்தது கடைசிக் கமிட்டில்தான். முந்தைய கமிட்டில் வீடியோ அப்படியே இருக்கிறது, புஷ் எல்லாக் கமிட்டையும் அனுப்புகிறது. கிட்ஹப் 50 எம்பிக்கு மேல் எச்சரிக்கும், 100 எம்பிக்கு மேல் ஏற்காது.

இன்னும் எதுவும் ஏறாததால் தீர்வு எளிது. 'கிட் ரீசெட் --சாஃப்ட் ஆரிஜின்/மெயின்' கொடுங்கள். கமிட்டுகள் கலையும், கோப்புகளில் நீங்கள் செய்த மாற்றங்கள் அப்படியே நிற்கும். வீடியோவை ஏற்கெனவே அழித்துவிட்டதால் இப்போது ஒரே கமிட்டாகச் செய்து புஷ் செய்யலாம். ஒரு நிபந்தனை: உங்கள் கமிட்டுகள் ஆரிஜின்/மெயினுக்கு நேர் மேலே இருக்க வேண்டும். இடையில் ஃபெட்ச் செய்து அது முன்னே நகர்ந்திருந்தால், முதலில் ரீபேஸ் செய்யுங்கள்; இல்லையேல் மற்றவர்களின் மாற்றங்களை நீக்கும் கமிட் உருவாகிவிடும். வீடியோ ரெப்போவில் வேண்டும்தான் என்றால் கிட் எல்எஃப்எஸ் (பெரிய கோப்புகளைத் தனியாகச் சேமிக்கும் துணைக்கருவி) பயன்படுத்துங்கள்.

தாம்பரம்–கடற்கரை ரயிலில் ஹாட்ஸ்பாட் போட்டுப் புஷ் செய்கிறேன். பாதியில் அறுந்தால் ரிமோட் கெட்டுப்போகுமா?

கெடாது. கட்டு முழுதாக வந்து சேராமல் பிராஞ்சின் பெயர் நகராது. ஆனால் விட்ட இடத்திலிருந்து தொடரவும் செய்யாது, மறுமுறை முதலிலிருந்தே போகும். பெரிய புஷ் என்றால் துண்டாக்குங்கள். 'கிட் லாக் --ஒன்லைன்' பட்டியலில் பழைய கமிட் ஒன்றின் எண்ணை எடுத்து, 'கிட் புஷ் ஆரிஜின் எண்:மெயின்' என்று கொடுத்தால் அதுவரை மட்டும் ஏறும். ஏறியது மறுபடி அனுப்பப்படாது. கிண்டி தாண்டி சிக்னல் போனாலும் முந்தைய துண்டு பத்திரம்.

ஏபிஐ சாவி (ஒரு இணையச் சேவையை நிரல் பயன்படுத்துவதற்கான ரகசியக் குறியீடு) இருந்த கோப்பைப் பொது ரெப்போவில் ஏற்றிவிட்டேன். வரலாற்றிலிருந்து எப்படி நீக்குவது?

அதற்கு முன், இப்போதே அந்தச் சாவியை ரத்து செய்யுங்கள். பொது ரெப்போக்களில் சாவி தேடும் தானியங்கி நிரல்கள் உண்டு. யாரும் குளோன், ஃபோர்க் (தம் கிட்ஹப் கணக்கில் பிரதி) எடுத்திருந்தால் அங்கிருந்து நீங்கள் அழிக்கவும் முடியாது. வரலாற்றுச் சுத்தம் பிறகு: புதிய குளோனில் 'கிட் ஃபில்டர்-ரெப்போ' (வரலாற்றை மாற்றி எழுதும் கருவி) ஓட்டுங்கள். அது ஆரிஜினை நீக்கிவிடும், திரும்பச் சேர்த்துத்தான் ஃபோர்ஸ் புஷ். குழுவில் அனைவரும் புதிதாகக் குளோன் எடுக்க வேண்டும், பழைய குளோனிலிருந்து ஒருவர் மெர்ஜ் செய்து புஷ் செய்தாலும் எல்லாம் திரும்பி வந்துவிடும்.

தமிழில் பெயர் வைத்த கோப்புகள் 'கிட் ஸ்டேட்டஸ்'ஸில் 340, 256 என்று எண்களாக வருகின்றன.

கோப்பு நன்றாகவே இருக்கிறது, காட்டும் முறைதான் அப்படி. 'கிட் கான்ஃபிக் --குளோபல் கோர்.க்வோட்பாத் ஆஃப்' கொடுத்தால் தமிழிலேயே தெரியும். மேக் பயன்படுத்துவோர் குழுவில் இருந்தால் 'கோர்.ப்ரீகம்போஸ்யூனிகோட்' ட்ரூ என்று இருக்கிறதா பாருங்கள். ஒருங்குறியில் 'கொ', 'கோ' போன்ற எழுத்துகளின் துணைக்குறியை ஒரே குறியாகவும் எழுதலாம், இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். இரண்டும் கலந்தால் பார்வைக்கு ஒரே பெயருள்ள இரண்டு கோப்புகள் ரெப்போவில் சேர்ந்துவிடும்.