தாரா, ஜிம்னியா, கூர்க்காவா? பின் சீட்டில் யார் உட்காருவார் என்று முதலில் சொல்லுங்கள்

"மஹிந்திரா தார், மாருதி ஜிம்னி, ஃபோர்ஸ் கூர்க்கா மூன்றில் விலை, சொகுசு, தரம் எல்லாம் பார்த்தால் எதை வாங்கலாம்?" என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு முன்னால் பதில் எழுதியவர்களில் பாதிப் பேர் ஜிம்னியைப் 'பொம்மை வண்டி' என்று ஒரே வரியில் ஒதுக்கிவிட்டார்கள். என் வீட்டு வாசலில் நிற்பது ஜிம்னிதான். அதனால் இந்தப் பதிலில் கொஞ்சம் சூடு இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். யாரிடமும் காசு வாங்கிக்கொண்டு எழுதவில்லை. வாங்கியிருந்தால் ஜிம்னியின் நாலு கியர் ஆட்டோமேட்டிக்கைப் பற்றிக் கீழே எழுதியிருக்கவே மாட்டேன்.

நீங்கள் யார் என்று தெரியாது. ஆனால் கேள்வியில் 'சொகுசு' என்ற வார்த்தை இருக்கிறது, தனிக்கட்டை அதைக் கேட்க மாட்டான். ஆகவே கல்யாணமாகி, ஒரு குழந்தை, அம்மா அப்பா கூட இருக்கிறார்கள், இருக்கிற சின்னக் காரை விற்றுவிட்டு இந்த ஒரு வண்டியிலேயே எல்லாவற்றையும் சமாளிக்கலாம் என்று நினைக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். நான் சொல்வது அப்படிப்பட்ட வீட்டுக்குத்தான்.

முதலில் விலை. நிறையப் பேர் குழம்புவது இங்கேதான். 2025 அக்டோபரில் தார் 9.99 லட்சத்திலிருந்து கிடைத்தது, ஜிம்னிக்குப் பன்னிரண்டுக்கு மேல் கொடுக்க வேண்டும், சின்ன வண்டிக்கு ஏன் அதிகம் என்பார்கள். அந்த 9.99 லட்சத் தார் பின்சக்கரத்தால் மட்டும் ஓடுகிற வண்டி. 2023 ஜனவரியில் 1.5 லிட்டர் டீசல் இன்ஜினோடு வந்தது. நீளம் நாலு மீட்டருக்குள், டீசல் இன்ஜின் 1500 சிசிக்குள் என்றால் வரி குறைவு. 2025 செப்டம்பர் 22 முதல் அந்த வகைக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். ஜிம்னியும் 3985 மி.மீ.தான், தாரும் அதே 3985. ஆனால் பெட்ரோலுக்கு வரம்பு 1200 சிசி. ஜிம்னியில் இருப்பது 1462 சிசி, எனவே 40 சதவீதம். 2 லிட்டர் பெட்ரோல், 2.2 லிட்டர் டீசல் போட்ட ஃபோர் பை ஃபோர் (அதாவது நாலு சக்கரத்துக்கும் விசை போகிற) தாருக்கும் அதே 40 சதவீதம்தான். அது போக நம் தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் ஏற்றிய ஆயுள் வரி வேறு. ஐந்திலிருந்து பத்து லட்சம் வரை 13 சதவீதம், அதற்கு மேல் இருபது வரை 18. அந்தத் தாரின் விலை ஏன் 9.99-இல் நின்றது என்று இப்போது புரியும்.

ஜிம்னியில் எல்லா வகையுமே ஃபோர் பை ஃபோர். 2023 ஜூனில் 12.74 லட்சத்துக்கு வந்தபோது நானும் 'இது அநியாயம்' என்றுதான் சொன்னேன். அதே வருடக் கடைசியில் அவர்களே இறங்கி வந்து தள்ளுபடி கொடுத்தார்கள். ஆனாலும் ஃபோர் பை ஃபோரை ஃபோர் பை ஃபோரோடு வைத்துப் பார்த்தால் மூன்றில் ஜிம்னிதான் மலிவு. கூர்க்கா 2024-இல் புதுப்பித்து வந்தபோது மூன்று கதவு 16.75 லட்சம், ஐந்து கதவு 18 லட்சம். எல்லாம் ஷோரூம் விலை, கைக்கு வரும்போது எவ்வளவு ஆகும் என்று நீங்களே போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

'நம்ம ஊர் ரோட்டுக்கு ஃபோர் பை ஃபோர் எதற்கு, பின்சக்கர வண்டியே போதும்' என்று யாராவது கண்டிப்பாக வருவார்கள். நகரத்துக்குள்ளேயே ஓட்டுவதென்றால் போதும்தான். அப்படியென்றால் இந்த மூன்றுமே வேண்டாம், அதே காசுக்கு நல்ல சொகுசான கார் கிடைக்கும்.

என் மச்சினனுக்குக் கொடைக்கானல் மலையில் தாண்டிக்குடிப் பக்கம் ஒரு சின்னக் காப்பித் தோட்டம் இருக்கிறது. தார்ச்சாலை முடிந்ததும் கடைசியில் கொஞ்ச தூரம் தோட்டப் பாதை. இரண்டு சக்கரத் தடத்துக்கு மட்டும் கல் பாவியிருப்பார்கள், நடுவில் புல், ஒரு வளைவில் கல்லும் பெயர்ந்து வெறும் செம்மண். ஐப்பசி மழைக்கு அந்த வளைவு சோப்புப் போட்டது மாதிரி ஆகிவிடும். அப்படி ஒரு மழை நாளில் போனோம். எங்களுக்கு முன்னால் மச்சினனின் நண்பர் ஒருவர் புதுத் தாரில் போனார். கறுப்பு நிறம், பின்னால் பெரிய ஸ்டிக்கர், நான் மேலே சொன்ன அதே பின்சக்கர வண்டி. தார் என்றாலே ஏறிவிடும் என்று அவருக்கு நம்பிக்கை. வளைவில் பாதி ஏறியதும் பின்சக்கரங்கள் சுற்ற ஆரம்பித்தன. அவர் ஆக்சிலேட்டரை விடவில்லை. வண்டியின் பின்பக்கம் மெதுவாகப் பக்கவாட்டில் நழுவி, ஓரத்து சில்வர் ஓக் மரத்துக்கு ஒரு சாண் முன்னால் போய் நின்றது. கல் வைத்துப் பார்த்தோம், சாக்கு போட்டுப் பார்த்தோம், தள்ளியவர்கள் முகத்தில் எல்லாம் சேறு. கடைசியில் பக்கத்துத் தோட்டத்தில் வாழைத்தாரும் ஆளும் ஏற்றுகிற பழைய ஜீப் வந்து, கயிறு கட்டி இழுத்து ஓரமாக விட்டது.

அடுத்தது என் முறை. ஜிம்னியில் இதற்கெல்லாம் பட்டன் கிடையாது, கியர் பக்கத்தில் இன்னொரு குட்டிக் கம்பி. வண்டியை நிறுத்தி, கிளட்சை மிதித்து, அந்தக் கம்பியைக் கீழே அமுக்கிப் பின்னால் இழுத்தால் 'ஃபோர் லோ' (நாலு சக்கரமும் குறைந்த வேகத்தில், அதிக இழுவையோடு) விழும், மீட்டரில் விளக்கு எரியும். முதல் கியரில் விட்டால் மனிதன் நடக்கிற வேகத்தில்தான் போகும், காலே வைக்க வேண்டாம். அந்தச் செம்மண் வளைவில் முன் இடது சக்கரம் பிடி விட்டுச் சுற்றியது. உடனே அடியில் 'கரக் கரக்' என்று ஒரு சத்தம். என் மனைவி என்னவோ உடைந்துவிட்டது என்று கையைப் பிடித்துக்கொண்டாள். ஒன்றும் உடையவில்லை. சுற்றுகிற சக்கரத்துக்கு மட்டும் வண்டியே பிரேக் பிடித்து, விசையை எதிர்ப்பக்கச் சக்கரத்துக்கு அனுப்புகிற சத்தம் அது. வண்டி ஒரு கணம் யோசிக்கிற மாதிரி நின்று, அப்புறம் அங்குலம் அங்குலமாக ஏறியது. மேலே போய் இறங்கும்போது ஸ்டிக்கர் நண்பர் என் வண்டியைச் சுற்றி வந்து டயரைக் குனிந்து பார்த்தார். 195 டயர், அவர் வண்டி டயரில் முக்கால் அகலம்தான் இருக்கும்.

நான் தாரைக் குறை சொல்லவில்லை. இதைப் படித்துவிட்டுச் சண்டைக்கு வராதீர்கள். ஃபோர் பை ஃபோர் தார் வந்திருந்தால் அதுவும் ஏறியிருக்கும். அதில் தரை இடைவெளி 226 மி.மீ., ஜிம்னியில் 210. தாரைத் தண்ணீரில் 650 மி.மீ. ஆழம் வரை இறக்கலாம் என்று நிறுவனமே சொல்கிறது. பின் அச்சில் தானாகப் பூட்டிக்கொள்ளும் டிஃபரன்ஷியலும் (ஒரு சக்கரம் சுற்றினாலும் மற்றதுக்கும் விசை கொடுப்பது) உண்டு, ஆனால் எல்லா வகையிலும் கிடையாது, கேட்டு வாங்குங்கள். கூர்க்கா வந்திருந்தால் பாட்டுப் போட்டுக்கொண்டே ஏறியிருக்கும். ஜிம்னிக்கு உதவுவது அதன் எடை. கிட்டத்தட்ட 1200 கிலோதான். தார் அதைவிட ஐந்நூறு கிலோ பக்கம் கூடுதல், சேற்றில் அந்த வித்தியாசம் தெரியும்.

இப்போது சொகுசு. வீடியோ போடுகிறவர்கள் எல்லோரும் ஓட்டுகிற சீட்டில் உட்கார்ந்துகொண்டே சொகுசைப் பற்றிப் பேசுகிறார்கள். வண்டி வாங்கும் முன் நான் அம்மாவையும் ஷோரூமுக்குக் கூட்டிப் போனேன். அம்மாவுக்கு முழங்கால் வலி. மூன்று கதவுத் தாரில் பின்னால் ஏற வேண்டுமென்றால் முன் சீட்டை மடக்கி நகர்த்தி, படியில் கால் வைத்து, உடம்பை ஒருக்களித்து உள்ளே நுழைய வேண்டும். அம்மா எப்படியோ ஏறிவிட்டார். கண்ணாடியை இறக்கச் சொன்னார். பின்பக்கக் கண்ணாடி இறங்காது என்றார் விற்பனையாளர். அம்மாவுக்கு மலைப்பாதையில் தலைசுற்றும், காற்று முகத்தில் பட்டே ஆக வேண்டும். "சரிப்பா, நீ இதையே வாங்கு, நான் பஸ்ஸில் வந்துக்கிறேன்" என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. (2025 அக்டோபரில் வந்த புதுப்பிப்பில் பின்னால் ஏசி காற்று வருகிறது, கண்ணாடி அப்படியேதான்.)

ஜிம்னியில் பின்னால் இரண்டு பேருக்குத் தனிக் கதவு, கண்ணாடி இறங்கும், சாய்ந்துகொள்ளலாம். ஆனால் அகலம் 1645 மி.மீ.தான், தோளும் தோளும் உரசும். நாலு பேருக்கு மேல் இடமில்லை. பின்னால் சாமான் வைக்க 208 லிட்டர், அதாவது இரண்டு பெட்டி வைத்தால் காப்பிக்கொட்டைப் பை மடியில். கதவில் தண்ணீர் பாட்டில் வைக்கக்கூட இடம் கிடையாது, இது எந்த அறிவாளியின் யோசனை என்று தெரியவில்லை. குண்டும் குழியுமான ரோட்டில் மெதுவாகப் போகும்போது ஜிம்னி தாரைவிட மென்மையாக இருக்கும். தார் அங்கே இடமும் வலமுமாகத் தூக்கிப் போடும். நாலு வழிச் சாலைக்கு வந்தால் கதை தலைகீழ். 105 பிஎஸ் (குதிரைத்திறன்) இன்ஜின், லாரியைத் தாண்ட முன்கூட்டியே திட்டம் போட வேண்டும். பக்கக் காற்று அடித்தால் ஸ்டீரிங்கை இரண்டு கையாலும் பிடிக்க வேண்டும். 150 பிஎஸ் பெட்ரோல் தார் அந்த இடத்தில் சிட்டாகப் பறக்கும்.

பணம் ஒரு பிரச்சினை இல்லை என்றால் தார் ராக்ஸைப் பாருங்கள். 2024 ஆகஸ்ட் 15-இல் வந்தது. ஐந்து கதவு, முன் பின் சக்கரங்களுக்கு இடையே 2850 மி.மீ., பாரத் என்கேப் மோதல் சோதனையில் ஐந்து நட்சத்திரம். வந்தபோது 12.99 லட்சம் என்று விளம்பரம் செய்தார்கள், அதைப் பார்த்து ஓடாதீர்கள், அதில் ஃபோர் பை ஃபோர் டீசலில் மட்டும்தான், வந்தபோது 18.79 லட்சத்தில் ஆரம்பித்தது.

தரத்தைப் பற்றி நீட்டி முழக்க ஒன்றுமில்லை. தாருக்கு குளோபல் என்கேப் 2020-இல் நாலு நட்சத்திரம் கொடுத்தது. வெளிநாட்டில் விற்ற மூன்று கதவு ஜிம்னிக்கு யூரோ என்கேப் 2018-இல் மூன்றுதான் கொடுத்தது, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். 2021-இல் கேம்ஷாஃப்டை (இன்ஜின் வால்வுகளைத் திறக்கிற தண்டு) சோதிக்க 1,577 டீசல் தார்களைத் திரும்ப அழைத்தார்கள். முதல் வருட வண்டிகளில் இப்படி வருவது சகஜம், பழைய தார் வாங்குவதென்றால் மட்டும் சர்வீஸ் சீட்டைக் கேளுங்கள். ஜிம்னியின் இன்ஜின் பழையது, சுவாரசியம் இல்லாதது, ஆனால் எந்தச் சின்ன ஊரிலும் மெக்கானிக்குக்குத் தெரிந்தது. இதே ஐந்து கதவு ஜிம்னி குருகிராமிலிருந்து கப்பலேறி ஜப்பானில் 'நோமேட்' என்ற பெயரில் விற்கிறது. 2025 ஜனவரி கடைசியில் அறிவித்தார்கள், சில நாளிலேயே ஐம்பதாயிரம் பேர் பதிவு செய்ய, போதும் என்று பதிவையே நிறுத்திவிட்டார்கள். பொம்மை வண்டியாம்!

அந்த வார்த்தையை முதலில் சொன்னது என் பெரியப்பாதான், வண்டிக்குப் பூஜை போட்ட அன்றைக்கே. கேள்விக்குச் சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அவர் பேரனுக்குக் கல்யாணம் வந்தது. போட்டோ எடுக்க 'அந்த ஜீப்பு' வேண்டுமாம். கொடுத்தேன். மாப்பிள்ளை ஷூ காலோடு பானெட் மேல் ஏறி நின்று போஸ் கொடுத்திருக்கிறார். பூவை செல்லோடேப் போட்டு ஒட்டியிருக்கிறார்கள். வெயிலில் காய்ந்து பசை அப்படியே பிடித்துக்கொண்டது, மண்ணெண்ணெய் தொட்டு ஒவ்வொன்றாகத் துடைத்து எடுத்தேன். டேங்க் காலி. 'தேங்க்ஸ்டா' என்று ஒரு வார்த்தை இல்லை, ஆல்பத்தில் வண்டி மட்டும் நடுப்பக்கத்தில். பக்கத்து வீட்டுக்காரர் வைத்திருக்கும் செடான் காரை இப்படி யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. இந்த மாதிரி வண்டி வாங்கினால் சொந்தக்காரர்களுக்கு என்ன பதில் சொல்வதென்று இப்போதே யோசித்து வையுங்கள்.

கூர்க்காவைச் சுருக்கமாக முடித்ததற்கு அதன் ரசிகர்கள் மன்னிக்கவும். காட்டுக்குள் தினமும் போகிற வேலை இருந்தால் அதற்கு நிகர் இந்த மூன்றில் இல்லை. முன் பின் இரண்டு அச்சிலும் டிஃபரன்ஷியல் பூட்டு, 700 மி.மீ. தண்ணீர், கம்பெனியே போட்டுக் கொடுக்கும் ஸ்நார்க்கல் (இன்ஜினுக்கு உயரத்திலிருந்து காற்று எடுக்கிற குழாய்), 2024 முதல் 140 பிஎஸ். ஆனால் ஐந்து கியர் மேனுவல் மட்டும்தான், சர்வீஸ் மையமும் மாருதி அளவுக்கு இல்லை. உங்களைப் போன்ற வீட்டுக்கு இது ஒத்துவராது.

பின் சீட்டில் பெரியவர்கள் உட்காருவார்கள், மலையிலோ தோட்டத்திலோ மோசமான பாதை நிஜமாகவே இருக்கிறது, நாலு பேருக்கு மேல் இல்லை என்றால் ஜிம்னி. பின் சீட் வெறும் பை வைக்க மட்டும்தான், நெடுஞ்சாலை ஓட்டம் அதிகம் என்றால் ஃபோர் பை ஃபோர் தார். டெஸ்ட் டிரைவுக்கு வீட்டு ஆட்களைப் பின்னால் உட்கார வைத்து, ஷோரூம் வாசல் ரோட்டில் ஓட்டாமல் ஏதாவது பள்ளமான ரோட்டுக்குப் போகச் சொல்லுங்கள். விலை சொல்லும்போது 'இது ஃபோர் பை ஃபோருக்கா' என்று கேளுங்கள். ஜிம்னி என்றால் மேனுவல் எடுங்கள். அந்த நாலு கியர் ஆட்டோமேட்டிக் ஏற்றத்தில் கத்துகிற கத்தலில் உள்ளே பேச முடியாது. ஆட்டோமேட்டிக்தான் வேண்டும் என்று வீட்டில் பிடிவாதம் பிடித்தால் தார் பக்கமே போய்விடுங்கள், அதில் ஆறு கியர்.