கேமரன் மலை: எந்தப் பாதையில் ஏறுவது, எந்தக் கியரில் இறங்குவது?

கேள்வி: ஊத்தான் மெலிந்தாங் தோட்டப்புறத்தில் இருக்கிறோம். டிசம்பர் பள்ளி விடுமுறையில் இரண்டு இரவு எங்காவது குளிர்ச்சியான மலையில் தங்கலாம் என்று நினைக்கிறோம். நான், மனைவி, மூன்று பிள்ளைகள், 72 வயது அம்மா, மாமியார் என்று ஏழு பேர். அம்மாவுக்கு முட்டிவலியும் ரத்த அழுத்தமும் உண்டு. கடைக்குட்டி வளைவு வந்தாலே வாந்தி எடுப்பான். கேமரனா, பிரேசரா, கெந்திங்கா? போன முறை கேமரனிலிருந்து தாப்பா பக்கம் இறங்கியபோது கருகல் வாடை வந்தது. பிரேக்கை மிதித்தால் பஞ்சு மெத்தையை மிதிப்பதுபோல் உள்ளே போனது. பட்டறையில் பார்த்துவிட்டு, பேட் நன்றாகத்தான் இருக்கிறது என்றார்கள். ஏழு பேர் அமரும் ஆட்டோ கியர் வண்டி.

பதில்: கடைசியாகச் சொன்னதை முதலில் பார்ப்போம். அதைச் சரிசெய்யாமல் எந்த மலைக்கும் போக வேண்டாம்.

ஏழு பேரும் மூட்டைமுடிச்சும் ஏறிவிட்டால் உங்கள் வண்டியின் எடை ஏறக்குறைய 1,700 கிலோ ஆகிவிடும். அந்த எடையை 1,400 மீட்டர் கீழே இறக்கும்போது வெளிப்படும் ஆற்றல், எழுபது லிட்டர் குழாய்த் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். அதில் ஒரு பங்கைக் காற்றும் டயரும் எடுத்துக்கொள்ளும். மீதியை இன்ஜின் தாங்க வேண்டும், இல்லாவிட்டால் பிரேக் தாங்க வேண்டும். கியரை 'டி'யிலேயே விட்டு, காலைப் பிரேக்கின் மேல் லேசாக வைத்தபடி ஒரு மணி நேரம் இறங்கினால் அந்த மீதியில் பெரும்பகுதி பிரேக்குக்குத்தான் போகும்.

சூடேறிய பிரேக் இரண்டு விதமாகக் கைவிடும். பெடல் கல்லுபோல் இருந்தும் வண்டி நிற்க மறுத்தால் பேட் சூட்டில் பிடிப்பை இழந்திருக்கிறது. பெடல் மெத்தென்று உள்ளே போனால் பிரேக் ஆயில் கொதித்திருக்கிறது. உங்களுக்கு நேர்ந்தது இரண்டாவது. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துக்கொள்ளும். புதிய டாட் 3 (DOT 3) ரக ஆயிலின் கொதிநிலை குறைந்தது 205 பாகை. ஈரம் ஏறிய பிறகு அது 140 வரை இறங்கலாம். டாட் 4 என்றால் 230, ஈரம் ஏறினால் 155. கொதித்த ஆயிலில் ஆவிக் குமிழிகள் உண்டாகும். நீங்கள் மிதிக்கும் அழுத்தத்தில் அந்தக் குமிழிகள்தான் நசுங்கும், பேட் டிஸ்க்கைப் பிடிக்காது. கீழே வந்து ஆறியதும் குமிழிகள் மறைந்து பெடல் பழையபடி ஆகிவிடும். பட்டறையில் ஒன்றும் தெரியாமல் போனது இதனால்தான். பேட்டைப் பார்த்தவர்கள் ஆயிலைப் பார்த்திருக்க மாட்டார்கள்.

ஆகவே புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பே பிரேக் ஆயிலை முழுக்க வடித்து மாற்றச் சொல்லுங்கள். டப்பாவில் குறைந்ததை மேலே ஊற்றி நிரப்புவது மாற்றியதாகாது. நாலு சக்கரத்திலும் பழைய ஆயில் வெளியேறி, புதிய ஆயில் தெளிவாக வரும்வரை வடிக்க வேண்டும். வண்டியின் கையேடு அனுமதித்தால் டாட் 4 ஊற்றலாம். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை அல்லது 40,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றுவது நல்ல கணக்கு. பேட் 3 மில்லிமீட்டருக்கு மேல் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள், பின் சக்கர டிரம்மையும் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். ரேடியேட்டர் தண்ணீரை இன்ஜின் ஆறியிருக்கும்போது பாருங்கள்.

இறங்கும் முறைக்கு வருவோம். சரிவு தொடங்கும் முன்பே கியரைக் குறைத்துவிட வேண்டும், வேகம் ஏறிய பிறகல்ல. பழைய நாலு கியர் ஆட்டோவில் 'டி'யிலிருந்து 3, பிறகு 2. மிகச் செங்குத்தான இடத்தில் 'எல்'. சிவிடி (படிப்படியான கியர் இல்லாத ஆட்டோ) வண்டியில் 'எஸ்' அல்லது 'பி' என்று இருக்கும். இன்ஜின் 3,000, 4,000 சுற்றில் இரையும். அந்த இரைச்சலுக்குப் பயந்துதான் பலர் மறுபடி 'டி'க்கு மாற்றிவிடுகிறார்கள். இரையட்டும், இன்ஜினுக்கு ஒன்றும் ஆகாது. வேகம் நாற்பதைத் தாண்டும்போது பிரேக்கை அழுத்தமாக ஒரு மிதி மிதித்து, முப்பதுக்குக் கொண்டுவந்து, காலை முழுக்க எடுத்துவிடுங்கள். காலை எடுத்திருக்கும் அந்த நேரத்தில்தான் டிஸ்க் காற்று வாங்குகிறது. பெட்ரோல் மிச்சம் பிடிக்கலாம் என்று நியூட்ரலில் விடுவதை அடியோடு மறந்துவிடுங்கள்.

இவ்வளவும் செய்து பெடல் மறுபடி மெத்தென்று ஆனால், வேகமாக மூன்று நாலு முறை குத்தி மிதியுங்கள். கியரை இன்னும் குறைத்து, கைப்பிரேக்கைச் சிறிது சிறிதாக ஏற்றி, முதலில் கிடைக்கும் ஒதுக்கிடத்தில் நிறுத்துங்கள். சக்கரத்துக்குக் கல் முட்டுக்கொடுத்து அரை மணி நேரம் ஆறவிடுங்கள். பக்கத்தில் அருவி இருக்கிறதே என்று சக்கரத்தில் தண்ணீர் ஊற்றக் கூடாது. சூடான டிஸ்க் கோணிப்போகும், வெடிப்பும் விடலாம்.

இனி எந்த மலை என்ற கேள்வி. குளிரை உயரத்தை வைத்துக் கணக்குப் போடலாம்: 1,000 மீட்டர் ஏறினால் சுமார் 6 பாகை குறையும். தானா ராத்தா ஏறக்குறைய 1,440 மீட்டர் உயரம். உங்கள் ஊரில் பகல் 33 என்றால் அங்கே 24. இரவில் 15, 16 வரை இறங்கும். பிரேசர் மலை சுமார் 1,300, கெந்திங் சுமார் 1,800. இந்த மூன்றுக்கும் இடையில் குளிரில் இரண்டு மூன்று பாகைதான் வித்தியாசம், அதற்காக மலையைத் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை. பாதை எப்படி, போன இடத்தில் வயதானவர்களால் என்ன செய்ய முடியும் என்பதை வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

கெந்திங்கில் குளிர் வெளியே இருக்கும், ஆட்கள் கட்டடத்துக்குள்ளே இருப்பார்கள். கேபிள் கார் பிள்ளைகளுக்குப் பிடிக்கும், ஆனால் இரண்டு இரவு தங்கினால் பணப்பை தாங்காது. பிரேசர் மலை அமைதியான இடம், பறவை பார்ப்பவர்களுக்குச் சொர்க்கம். ஆனால் சாலை ஒடுக்கம், சாப்பாட்டுக் கடை குறைவு, வண்டிக்குப் பெட்ரோலைக் கோல குபு பாருவிலேயே நிரப்பிக்கொள்ள வேண்டும். மூன்று பிள்ளைகள் இரண்டாம் நாளே 'போரடிக்கிறது' என்பார்கள். தைப்பிங்கின் புக்கிட் லாருட், அந்தக் காலத்து மெக்ஸ்வெல் மலை, உங்கள் மாநிலத்திலேயே இருக்கிறது. ஆனால் மண்சரிவால் பாதை அடைபடுகிற இடம், விசாரிக்காமல் கிளம்ப வேண்டாம்.

உங்கள் குடும்பத்துக்குக் கேமரன்தான் பொருந்தும். ஆனால் போன முறை போன வழியில் வேண்டாம்.

கேமரனுக்குப் பேராக் பக்கமிருந்து இரண்டு வழி. தாப்பாவிலிருந்து ரிங்லெட் வழியாகத் தானா ராத்தா சுமார் 60 கிலோமீட்டர். உங்களுக்கு அதுதான் கிட்டம், ஆனால் பழைய சாலை, பாம்புபோல் வளைந்துகொண்டே போகும். மற்றது சிம்பாங் பூலாயிலிருந்து கம்போங் ராஜா வழியாகப் பிரிஞ்சாங், சுமார் 80 கிலோமீட்டர். சாலை அகலம், வளைவுகள் விரிந்தவை. பீடோரில் நெடுஞ்சாலை ஏறி வடக்கே சிம்பாங் பூலாய் டோலில் இறங்கினால் உங்களுக்குச் சுற்றுத்தான். ஆனால் கடைக்குட்டியின் வயிற்றுக்கும் அம்மாவின் முட்டிக்கும் அந்தச் சுற்று நல்லது. ஒரே எச்சரிக்கை: சாலை நன்றாக இருப்பதால் இறக்கத்தில் வேகம் தன்னையறியாமல் ஏறும். காய்கறி லாரிகளும் அடிவாரத்தில் கல்லுடைக்கும் இடத்து லாரிகளும் இதே சாலையில்தான் ஓடுகின்றன. மேலே சொன்ன கியர்க் கணக்கு இங்கேயும் பொருந்தும்.

சிம்பாங் பூலாய் வழியில் இன்னொரு சங்கடமும் உண்டு. கம்போங் ராஜா, கோல தெர்லா, திரிங்காப், கியா பார்ம் எல்லாவற்றையும் தாண்டித்தான் பிரிஞ்சாங் வரும். சனி, ஞாயிறு பகலில் கியா பார்ம் சந்தைப் பக்கம் வண்டிகள் நகராது. சில கிலோமீட்டரைக் கடக்கவே மணிக்கணக்காகும். அதனால் திங்கள் காலை ஏறி, புதன் காலை இறங்குங்கள். கிறிஸ்துமஸ் வாரத்தையும் வருடக் கடைசியையும் விட்டுவிடுங்கள். சுங்கை பாலாஸில் உள்ள 'போ' (BOH) தேயிலைத் தோட்டம் திங்கட்கிழமைகளில் மூடியிருப்பது வழக்கம், அதைச் செவ்வாய்க்கு வைத்துக்கொள்ளலாம்.

டிசம்பர் வடகிழக்குப் பருவமழைக் காலம். இரவுக் குளிர் நன்றாக இருக்கும், மழையும் இருக்கும். மலையில் மழை பெரும்பாலும் மத்தியானத்துக்கு மேல்தான் பிடிக்கும், அதோடு மூடுபனியும் இறங்கும். ஏறுவதானாலும் இறங்குவதானாலும் பதினொரு மணிக்குள் முடித்துவிடுங்கள். விடியற்காலை ஐந்தரைக்குப் புறப்பட்டால் வழியில் பசியாறிவிட்டு நிதானமாகவே ஏறலாம். இரண்டு மூன்று நாள் விடாமல் மழை பெய்திருந்தால் அறைக்குக் கட்டிய முன்பணத்தைப் பார்க்காமல் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். சரிவின் அடியில் கூடாரம் போட்டுத் தங்கும் இடங்கள் இந்த மாதத்தில் அறவே வேண்டாம். 2022 டிசம்பர் 16 அன்று பத்தாங் காலி அருகே முகாம் இடத்தில் நள்ளிரவுக்குப் பின் மண் சரிந்து 31 பேர் இறந்ததும் இதே மாதத்தில்தான்.

தங்குமிடத்தைப் போனில் பேசும்போது முதலில் மாடியைக் கேளுங்கள். பிரிஞ்சாங், தானா ராத்தா அடுக்குமாடிகள் பலவற்றில் லிப்ட் கிடையாது. விளம்பரத்தில் மலைக்காட்சி தெரியும், நாலு மாடிப் படி தெரியாது. தரைத்தளமோ முதல் மாடியோ வேண்டும், உட்கார்ந்து போகும் கழிப்பறை வேண்டும், சுடுநீர் எல்லாக் குளியலறையிலும் வருகிறதா என்று கேளுங்கள். சமைத்துச் சாப்பிடுவதாக இருந்தால் குக்கரைக் கொண்டுபோங்கள். அந்த உயரத்தில் தண்ணீர் 95 பாகையிலேயே கொதித்துவிடும், திறந்த சட்டியில் பருப்பு வேக நேரம் பிடிக்கும். இறுக மூடிய ஷாம்பு புட்டியும் மேலே போனதும் பொங்கும், பிளாஸ்டிக் பையில் கட்டி வையுங்கள்.

1,500 மீட்டர் உயரம் அம்மாவின் ரத்த அழுத்தத்துக்கு ஆபத்தான உயரமல்ல. ஆனால் குளிரில் ரத்தக் குழாய் சுருங்கும், அழுத்தம் சற்று ஏறலாம். பயண அவசரத்தில் காலை மாத்திரையை மறக்கக் கூடாது. மாத்திரைகளைப் பெட்டியில் போட்டுப் பின்னால் அடுக்காமல் கைப்பையில் வையுங்கள். முட்டி குளிரில் இறுகும். இரவில் காலுறையும் முட்டிக்கு மேல் ஒரு துணிச் சுற்றும் போதும். அவருக்குத் தேயிலை பார்க்க ஆசை என்றால், தானா ராத்தாவுக்கும் ரிங்லெட்டுக்கும் இடையில் சாலையோரத்திலேயே பாரத் தேயிலைச் சரிவு தெரியும், அங்கே நிறுத்துங்கள். சுங்கை பாலாஸில் நடையும் படியும் உண்டு, பிள்ளைகளை மட்டும் அழைத்துப் போகலாம்.

கடைக்குட்டிக்கு, வாந்தியைத் தடுக்கும் டைமென்ஹைட்ரினேட் மாத்திரையை மலை ஏறத் தொடங்குவதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பு கொடுக்க வேண்டும். வயதும் எடையும் சொல்லி மருந்தகத்தில் அளவு கேளுங்கள். வாந்தி தொடங்கிய பிறகு கொடுத்தால் வயிற்றில் தங்காது. வெறும் வயிறும் கூடாது, சந்தானில் (தேங்காய்ப் பாலில்) செய்த நாசி லெமாக்கும் கூடாது. இரண்டு இட்லி போதும். மூன்றாம் வரிசையில் உட்கார வைக்காமல் நடு வரிசையில், முன் கண்ணாடி வழியாகச் சாலை தெரியும் இடத்தில் உட்கார வையுங்கள். கைப்பேசியை வாங்கி வைத்துவிடுங்கள். பாட்டிமார் இருவருக்கும் அதே மாத்திரையை நீங்களாகக் கொடுக்காதீர்கள். தள்ளாட்டமும் சிறுநீர்த் தடையும் வரலாம்.

உடுப்பு விஷயத்தில் பெரிய கம்பளிக் கோட்டெல்லாம் வீண். ஒரு முழுக்கைச் சட்டை, அதன்மேல் காற்றும் தூறலும் புகாத மெல்லிய ஜாக்கெட், இரவுக்குக் காலுறை, பிள்ளைகளுக்குத் தொப்பி. துவைத்துக் காயப்போடலாம் என்று நம்பாமல் தலைக்கு ஒரு மாற்றுடை கூடுதலாக எடுங்கள். அங்கே ஜீன்ஸ் இரண்டு நாளானாலும் காயாது.

அம்மாவால் இத்தனை நேரம் வண்டியில் உட்கார முடியாது என்று மருத்துவர் சொன்னால், பினாங்கு கொடிமலையை யோசிக்கலாம். உயரம் 833 மீட்டர்தான், கேமரன் குளிர் இருக்காது. ஆனால் அடிவாரத்து ஆயர் ஈத்தாமிலிருந்து மலை ரயில் சில நிமிடங்களில் மேலே கொண்டுவிடும், வளைவும் இல்லை, பிரேக் கவலையும் இல்லை. மேலேயே முருகன் கோயிலும் உண்டு.

ஸ்ட்ராபெரியைத் திங்களன்று கியா பார்மைத் தாண்டும்போதே வாங்கிவிடாதீர்கள். இறங்கும் புதன்கிழமை காலையில் வாங்குங்கள். கழுவாமல், ஒன்றன்மேல் ஒன்று அடுக்காமல், மூடி திறந்த டப்பாவில் ஏர்கான் காற்று படும்படி மடியில் வைத்துக்கொண்டு வர வேண்டும். பின்னால் மூட்டைக்கு நடுவே வைத்தால் பீடோர் வருவதற்குள் கூழாகிவிடும்.