கை காட்டினால் நின்றே ஆக வேண்டுமா?

கேள்வி: ராத்திரி சேலம் ஜங்ஷனில் இறங்கி, காலியாக வந்த டாக்சிக்குக் கை காட்டினேன். நிற்கவே இல்லை. அடுத்து வந்த ஆட்டோக்காரர் நின்றார். "கோரிமேடா? வராது சார்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார். லண்டனில் கை காட்டினால் டாக்சி நின்றே ஆக வேண்டுமாமே? நம் ஊரில் ஏன் அப்படி ஒரு சட்டம் இல்லை?
— கோரிமேடு வாசகர்

பதில்: லண்டனை முதலில் முடித்துவிடுவோம். ஓடுகிற டாக்சி உங்கள் கையைப் பார்த்து நின்றே ஆக வேண்டும் என்ற கட்டாயம் அங்கேயும் கிடையாது. நின்றுவிட்டால்தான் மாட்டிக்கொள்வார். 12 மைலுக்குள் எங்கே கூப்பிட்டாலும், தக்க காரணம் இல்லாமல் வரமாட்டேன் என்று சொல்ல முடியாது. தெருவில் கை காட்டி ஏறுவதும் கறுப்பு டாக்சியில் மட்டும்தான். தனியார் வாடகைக் கார் என்றால் முன்பதிவு செய்தாக வேண்டும்.

சரி, நம் ஊரில் சட்டம் இல்லை என்று உங்களுக்கு யார் சொன்னது? 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம், 178-ஆவது பிரிவைப் பாருங்கள். வாடகை வண்டிக்காரர் விதியை மீறிச் சவாரிக்கு வர மறுத்தால் அபராதம் உண்டு. ஆட்டோவுக்கு எவ்வளவு தெரியுமா? அதிகபட்சம் 50 ரூபாய்! 2019-இல் சட்டத்தைத் திருத்தி அபராதங்களைத் தாறுமாறாக ஏற்றினார்களே, அப்போது டாக்சிக்கு 200 என்றிருந்ததை 500 ஆக்கினார்கள். ஆட்டோவின் 50-ஐத் தொடவே இல்லை. பெர்மிட் இல்லாமல் வாடகைக்கு ஓட்டினால் 10,000 ரூபாய். பெர்மிட் வாங்கி வைத்துக்கொண்டு நடுராத்திரியில் உங்களை ரோட்டில் விட்டுவிட்டுப் போனால் 50. இதைக் கட்டிவிட்டு வேறு நல்ல சவாரி பிடித்தாலும் அவருக்கு லாபம்தான்.

ஆட்டோக்காரர் பக்கமும் நியாயம் இருக்கிறது. கோரிமேட்டிலிருந்து அந்த நேரத்தில் காலி வண்டியாகத்தான் திரும்ப வேண்டும். சென்னைக்கு அரசு 2013-இல் நிர்ணயித்த கட்டணம் முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அப்புறம் கிலோமீட்டருக்கு 12. அந்த ரேட்டை நீட்டினால் இன்று யார் வண்டியை எடுப்பார்?

டாக்சி விஷயத்தில் நீங்கள் அவசரப்பட்டிருக்கலாம். ஆப்பில் புக் செய்தவரை ஏற்றப் போகிற வண்டியும் காலியாகத்தான் போகும். (ஏற்காடு மலைப்பாதையில் சிலர் கொண்டை ஊசி வளைவிலேயே நின்றுகொண்டு கை காட்டுகிறார்கள். அங்கே நிற்காமல் போகிற டிரைவருக்குத்தான் என் ஓட்டு.) நீங்கள் கூப்பிடாமலே பக்கத்தில் வந்து "சார், ஏற்காடா?" என்று கேட்கிறவரிடம்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். ஏறுவதற்கு முன் நம்பர் பிளேட்டைப் பாருங்கள். வெள்ளை போர்டு என்றால் அது சொந்த உபயோகத்துக்கான வண்டி. விபத்து என்று ஒன்று நடந்துவிட்டால் இன்சூரன்ஸ் கம்பெனி முதலில் பிடிப்பது அந்த இடத்தைத்தான்.

அடுத்த முறை யாராவது "வராது" என்றால் வண்டி நம்பரைக் குறித்துக்கொண்டு ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள். 50 ரூபாய் அபராதத்துக்கு நான் இவ்வளவு அலைய வேண்டுமா என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால், என்னிடம் அல்ல, உங்கள் எம்.பி.யிடம். அது நாடாளுமன்றம் போட்ட சட்டம்.